காதுக்குப் பின்னே வைத்த கை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்க மேடையிலே பந்தாட்டத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். கல்கத்தாவில் குடியிருந்துகொண்டு அதைப் பற்றிப் பேசாமலிருப்பதுதான் கடினம் என்று விடை கூறினேன். உலகக் கோப்பைப் பந்தயம் வந்துவிட்டால் இந்நகரத்துச் சந்துகளிலே பிரேசிலின் பச்சை மஞ்சட் கொடியும் அர்ஜென்டினாவின் நீலவெள்ளைக் கொடியும் போட்டியிட்டுப் பறப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நம் காலனிப் பிள்ளைகள் பெரும்பாலும் நீலவெள்ளைக் கட்சியினர். அவர்களுக்கும் என் வயதினருக்கும் இடையே 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் மூண்ட வழக்கு ஒன்று இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கையே இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கத்தார் நாட்டின் லுசைல் அரங்கிலே டிசம்பர் 9-ஆம் நாள் இரவு கால் இறுதி ஆட்டம். நம் கடிகாரத்தில் நள்ளிரவு கடந்து 12.30 மணி. அர்ஜென்டினாவும் நெதர்லாந்தும் எதிர் நின்றன. ஆட்டத்திற்கு முன்பே நெதர்லாந்துப் பயிற்சியாளர் லூயி வான் கால் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். எதிரணியிடம் பந்து இருக்கும்போது மெஸ்ஸி ஆட்டத்தில் அதிகம் பங்கு கொள்வதில்லை, அதுவே எங்களுக்கு வாய்ப்பு என்பது அதன் சாரம். தந்திரம் என்ற அளவில் அது குற்றமன்று. ஆனால், தன்னை எடை போட்டுச் சொன்ன சொல்லை எவரும் எளிதில் மறப்பதில்லை.

73-ஆம் நிமிடத்தில் பெனால்டி உதை கிடைத்தது. மெஸ்ஸி அடித்தார், கணக்கு 2-0 ஆயிற்று. அடித்தவர், டச்சு அணியினரின் பெஞ்சை நோக்கி நின்று, இரு காதுகளுக்குப் பின்னேயும் கைகளை விரித்து வைத்தார். ‘இப்பொழுது சொல்லும், கேட்கிறேன்’ என்பது போன்ற சைகை.

இச்சைகைக்கு ஒரு பழங்கதை உண்டு. 2001 ஏப்ரலில் போக்கா ஜூனியர்ஸ் கழகத்திற்காக ஆடிய ரிக்கெல்மே, ரிவர் பிளேட் கழகத்திற்கு எதிராக ஒரு பெனால்டி அடித்தார். கோல் காப்பாளர் தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கிய ரிக்கெல்மே, தம் சொந்தக் கழகத் தலைவரான மக்ரி அமர்ந்திருந்த மாடத்தை நோக்கி இவ்வாறே காதுக்குப் பின்னே கை வைத்து நின்றார். ஊதியம் பற்றிய மனத்தாங்கல் காரணம். அந்த மக்ரி பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரே ஆனார் என்பது வேறு கதை. அதே ரிக்கெல்மே பார்சிலோனாவுக்குச் சென்றபோது, அங்கே அவருக்கு உரிய இடம் கொடாத பயிற்சியாளர் யார் தெரியுமா? இதே வான் கால்தான்! ஆகவே மெஸ்ஸியின் கை ஒருவருக்காக அன்று, இருவருக்காகப் பேசியது என்பது நம் பிள்ளைகளின் வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆட்டம் அங்கே முடியவில்லை. வெக்ஹோர்ஸ்ட் என்னும் உயரமான ஆட்டக்காரர் 83-ஆம் நிமிடத்தில் ஒன்றும், முடிவதற்குச் சில நொடிகளே இருக்கையில் மற்றொன்றும் போட்டுக் கணக்கைச் சமமாக்கிவிட்டார். கேட்கிறேன் என்று கை வைத்த காதிலே விடை வந்து விழுந்தது! கூடுதல் நேரமும் கடந்து, பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா 4-3 என்று வென்றது. வென்ற கணத்திலே அவ்வணியினர் சிலர், தோற்றுத் துவண்டு நின்ற டச்சுக்காரர்களின் முகத்துக்கு நேரே சென்று எள்ளி நகைத்தனர். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவியது. அதிலே முன்னால் நிற்பவர்களில் ஒருவர் ஓட்டமெண்டி. 2011 செப்டம்பரில் நம் சால்ட் லேக் அரங்கில் வெனிசுவேலாவுக்கு எதிராக ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் அவரேதான். அன்று நம்மில் எத்தனை பேர் எழுந்து நின்று கை தட்டினோம்! தம் தரப்பு நியாயத்தையும் அவர் கூறியிருக்கிறார்: உதைக்கச் சென்ற தம் வீரர்களிடம் டச்சுக்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் வந்து சீண்டிக்கொண்டிருந்தாராம்.

பெரியவர்கள் இவ்விரண்டையும் ஒரே குற்றமாகச் சேர்த்துத் தீர்ப்புக் கூறுகிறார்கள். இளைஞர்களோ இரண்டையும் சேர்த்தே மன்னித்துவிடுகிறார்கள். இருவரோடும் நான் மாறுபடுகிறேன்.

நம் புறத்திணை நூல்களைப் புரட்டிப் பாருங்கள். வீரன் அடக்கமே உருவாக இருக்கவேண்டும் என்று அவை விதிக்கவில்லை. தன் ஆற்றலைத் தானே எடுத்துரைக்க ‘நெடுமொழி’ என்று ஒரு துறையே உண்டு. தன்னை இளையன் என இகழ்ந்த வேந்தர்களைக் குறித்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் கூறிய வஞ்சினம் புறநானூற்றில் இருக்கிறது. இகழ்ந்தவனுக்கு நேர் நின்று விடை கூறுவது நமக்கு இழுக்கன்று. ஆனால் அதே மரபில் ‘தழிஞ்சி’ என்றும் ஒரு துறை உண்டு. புறங்காட்டிப் போகிறவன் மேல் படை ஓச்சாமை அது. நெடுமொழியும் தழிஞ்சியும் ஒரே வீரனுக்கு உரியவை. வான் காலைப் பார்த்து, ஆட்டம் நடக்கும்போதே, வெற்றி உறுதியாகாதபோதே வைத்த கை நெடுமொழி. வீழ்ந்தவன் முகத்தருகே சென்ற சிரிப்பு தழிஞ்சியை மறந்தது. முன்னதை நான் பொறுப்பேன்; பின்னதைப் பொறுக்க என்னால் இயலவில்லை, முன்பு சீண்டப்பட்டார்கள் என்றாலும்.

வெறும் விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்பீர்கள். இந்நகரத்திலிருந்துகொண்டு அப்படிக் கேட்கலாகாது. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்திலே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடின. களத்திலே ஆட்டக்காரர்களுக்குள் மூண்ட பூசல் பார்வையாளர் வரிசைக்குத் தாவியது. கலவரத்திலும் நெரிசலிலும் சிக்கி 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. களத்தில் ஒருவன் காட்டும் சைகையைக் கடைசி வரிசையில் நிற்பவன் தனக்கு விடுத்த அறைகூவலாக எடுத்துக்கொள்கிறான். கோல் போட்டவர் மகிழலாம், ஆனால் ஏளனமாகவோ ஆத்திரமூட்டும் வகையிலோ சைகை செய்தால் மஞ்சள் அட்டை என்று ஆட்ட விதியிலேயே எழுதி வைத்திருப்பது வெறும் நாகரிகத்திற்காக அன்று.

பெனால்டி உதையே இத்தகைய வழக்கில் பிறந்த குழந்தைதான். அயர்லாந்தில் வில்லியம் மெக்ரம் என்ற கோல் காப்பாளர் அதை முன்மொழிந்தார், 1891-இல் விதியாயிற்று. கனவான்கள் வேண்டுமென்றே தவறு செய்வார்களா, இவ்விதி எங்களை அவமதிக்கிறது என்று ஆங்கிலேயப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் அன்று சீறினார்கள். நூற்றுமுப்பது ஆண்டுகள் ஓடியும் அந்த வெள்ளைக் கோட்டுப் புள்ளியைச் சுற்றி மானம், அவமானம் என்ற பேச்சு ஓயவில்லை பாருங்கள்.

இனி, நம் பிள்ளைகள் வசதியாக மறந்துவிடும் செய்தி ஒன்று. 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கோப்பையும் கையில் வந்தபின், மெஸ்ஸி ஒரு வானொலிப் பேட்டி அளித்தார. அன்று தாம் செய்தது தமக்கே பிடிக்கவில்லை என்றும், பதற்றத்தில் தானாக வந்துவிட்டது என்றும் அவரே கூறிவிட்டார். அவர் கைவிட்ட வழக்கை இங்கே நம் காலனி மாடிப்படிகளில் அமர்ந்து அவர் சார்பில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்! நான் அச்சைகையைப் பொறுத்த அளவுகூட அவர் பொறுக்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கே சற்று வெட்கமாயிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் சங்கச் சிறுவர்களின் பந்தாட்டம் நடைபெறுகிறது. நடுவர் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கோல் போட்டுவிட்டுக் காதுக்குப் பின்னே கை வைத்தால் மஞ்சள் அட்டை காட்டுவீர்களா மாமா என்று நேற்று மாலை நாலைந்து பிள்ளைகள் என்னை மடக்கிக் கேட்டார்கள். யாரைப் பார்த்து வைக்கிறாய் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.