அபுஜா வரைபடத்தில் விடுபட்டவர்கள்

கட்டடக்கலையிலும் நகரமைப்பிலும் இன்று பட்டம் பெறும் செல்வங்களே,

முதலில் என் வாழ்த்து. அடுத்து, உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டிய ஓர் ஊரைப் பற்றிப் பேசிவிட்டு அமர்கிறேன். நைஜீரியாவின் தலைநகர் அபுஜா.

1970களில் அந்த நாட்டில் பெட்ரோலியப் பணம் கொட்டியது. பழைய தலைநகர் லாகோஸ் பிதுங்கி வழிந்தது. 1975இல் அரசு கணக்குவழக்கில்லாமல் சிமென்ட் வாங்க, இறக்க இடமின்றி நூற்றுக்கணக்கான கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. அதே ஆண்டு நீதிபதி அகுடா தலைமையில் அமைந்த குழு, நாட்டின் நடுவே புதுத் தலைநகர் கட்டலாம் என்றது. இனப் பிளவில் மூண்ட பியாஃப்ரா உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு ஆண்டுகூட ஆகாத நேரம். எந்தப் பெரிய இனமும் தன்னுடையது என்று சொல்ல முடியாத மண் தேவைப்பட்டது. 1976 பிப்ரவரித் தொடக்கத்தில் ஆட்சித் தலைவர் முர்தலா முகமது முடிவை அறிவித்தார். அதே மாதம் 13ஆம் தேதி, லாகோஸ் நெரிசலில் சிக்கியிருந்த காரிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

திட்டம் நிற்கவில்லை. 1979இல் அமெரிக்க நிறுவனங்களின் கூட்டமைப்பு முதன்மைத் திட்டம் தந்தது. மையப் பகுதியை ஜப்பானின் கென்சோ டாங்கே வடிவமைத்தார். அசோ பாறையை நோக்கி ஓடும் அகன்ற அச்சு அது. 1991 டிசம்பர் 12 அன்று அரசு அங்கே குடிபெயர்ந்தது. அழகான வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த இடம் ஆளில்லாப் பொட்டல் அல்ல. க்பாக்யி மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுத மண் அது. எல்லோரையும் வெளியேற்றுவது என்றுதான் முதலில் முடிவானது. செலவைப் பார்த்து மலைத்த அரசு, விரும்பியவர்கள் இருக்கலாம் என்றது. கார்கி போன்ற பழைய கிராமங்கள் புது நகரத்தின் நடுவில் திட்டுத்திட்டாக நின்றுவிட்டன. நகரம் ஏற்கெனவே இருந்த ஓர் ஊரின் பெயரையும் எடுத்துக்கொண்டது. பழைய அபுஜா இன்று சுலேஜா.

அந்தச் சுலேஜாவில் இருந்த மண்பாண்டப் பயிற்சி மையத்தில்தான் லாடி குவாலி வேலை செய்தார். சக்கரம் இல்லாமல், மண்சுருளை அடுக்கி, பானையைச் சுற்றி நடந்தே வனைந்த க்பாக்யிப் பெண். பல்லியும் முதலையும் கீறிய அவருடைய குடங்கள் உலகம் சுற்றின. அவர் பிறந்த குவாலி இன்று தலைநகர் ஆட்சிப்பகுதிக்குள் இருக்கிறது. நைஜீரியாவின் 20 நைரா தாளில் முன்பக்கம் முர்தலா முகமது, பின்பக்கம் லாடி குவாலி. தலைநகரை அறிவித்தவருக்கும் அந்த மண்ணின் மகளுக்கும் ஒரே தாளில் இடம் கிடைத்தது. அவருடைய மக்களுக்கு வரைபடத்தில் கிடைக்கவில்லை.

நகரத்துக்காக உழைப்பவர்கள் கதையும் அதுதான். அதிகாரிகளுக்கு நகரின் வசதியான பகுதிகளான மைதாமாவும் அசோகோரோவும். டிரைவரும் சமையல்காரரும் புறநகரான நியான்யாவிலிருந்தும், எல்லை தாண்டி நசராவா மாநிலத்து மராரபாவிலிருந்தும் தினமும் நெரிசலில் ஊர்ந்து வருகிறார்கள். லாகோஸிலிருந்து தப்பிக்கக் கட்டிய ஊரில்! 2003க்குப் பிறகு, முதன்மைத் திட்டத்தை மீட்கிறோம் என்று சொல்லி, திட்டத்தில் இல்லாத குடியிருப்புகளை புல்டோசரால் இடித்தார்கள். பல லட்சம் பேர் வீடிழந்ததாக மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. மக்கள் பெருகப் பெருகத் திட்டத்தைத் திருத்தியிருக்க வேண்டும். இடித்தது தவறு என்பதே என் கருத்து.

செல்வங்களே, விரைவில் உங்கள் மேசைக்கும் ஒரு சர்வே வரைபடம் வரும். அதில் சில இடங்கள் வெறுமையாக இருக்கும். கையெழுத்திடும் முன் ஒரு நாள் முழுக்க அங்கே நடந்து பாருங்கள். கொத்தனாரும் சித்தாளும் எங்கே குடியிருப்பார்கள் என்பதையும் அதே தாளில் வரைந்து கொடுங்கள்.