இரண்டு வாக்கு வித்தியாசம்



அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு சின்ன மாநிலம். 1974 நவம்பரில் அங்கே நடந்த செனட் தேர்தலைப் பற்றிச் சொல்லப்போகிறேன். செனட் என்பது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவை. மாநிலம் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம்தான். பதவிக்காலம் ஆறு ஆண்டு. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. 1913இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

குடியரசுக் கட்சியின் நாரிஸ் காட்டன் ஓய்வு பெற்றதால் அந்த இடத்துக்குப் போட்டி வந்தது. அதே கட்சியில் லூயிஸ் வைமன் நின்றார். கீழவை உறுப்பினராக இருந்தவர், மாநிலம் அறிந்த முகம். எதிரே ஜனநாயகக் கட்சியின் ஜான் டர்கின், மாநிலக் காப்பீட்டுத் துறை ஆணையராக இருந்தவர். வாட்டர்கேட் விவகாரத்தில் அதிபர் நிக்சன் பதவி விலகி மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. குடியரசுக் கட்சிக்காரர் யாருக்கும் நல்ல காலமில்லை.

முதல் எண்ணிக்கையில் வைமன் 355 வாக்கு முன்னிலை. டர்கின் மறு எண்ணிக்கை கேட்டார், எண்ணினார்கள், இப்போது டர்கின் 10 வாக்கு முன்னிலை. வைமன் மாநிலத்தின் வாக்குச்சீட்டுச் சட்ட ஆணையத்துக்குப் போனார். சர்ச்சைக்குரிய சீட்டுகளை அது ஆராய்ந்து சொன்ன முடிவு: வைமன் 1,10,926, டர்கின் 1,10,924. இரண்டே வாக்கு!

எண்ணியவர்கள் யாரும் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். சிக்கல் சீட்டில் இருந்தது. அப்போது அங்கே கட்சியின் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டால் அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் எல்லோருக்கும் வாக்களித்ததாகக் கொள்ளப்பட்டது. சிலர் அப்படிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியாகவும் குறி போட்டு, செனட் வேட்பாளரை மட்டும் விட்டிருந்தார்கள். வேண்டுமென்றே விட்டார்களா, மறந்து விட்டார்களா? சீட்டைப் போட்டவரைத் தேடிக் கேட்க வழியில்லை, ரகசிய வாக்கெடுப்பு. பெட்டிக்குள் விழுந்த பிறகு அந்தக் காகிதம்தான் அவருக்காகப் பேச வேண்டும். அது தெளிவாகப் பேசாதபோது, படிப்பவரின் மனம் எங்கே சாய்கிறதோ அங்கேதான் வாக்கும் சாயும்.

தன் அவை உறுப்பினர்களின் தேர்தலுக்குத் தானே நீதிபதி என்ற அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் செனட்டுக்குக் கொடுத்திருக்கிறது. டர்கின் அங்கே முறையிட்டார். சுமார் 3,500 சீட்டுகள் வாஷிங்டனுக்குப் போயின. விசாரித்த குழுவில் ஜனநாயகக் கட்சியினர் ஐவர், குடியரசுக் கட்சியினர் மூவர். ஐவரில் ஒருவரான அலபாமாவின் ஜேம்ஸ் ஆலன் மறுபக்கம் சாய, முக்கியமான கேள்விகளில் நாலுக்கு நாலு என்று முட்டி நின்றது. விவகாரம் முழு அவைக்கு வந்தது. விவாதத்தை முடிக்க ஆறு முறை முயன்றார்கள், போதிய வாக்கு கிடைக்காமல் ஆறும் தோற்றன. வாரக்கணக்கில் அவையின் மற்ற வேலைகள் தேங்கின.

எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்: புதிய பதவிக்காலம் தொடங்கிய 1975 ஜனவரி முதல் ஏழு மாதமும் நியூ ஹாம்ப்ஷயர் மக்களுக்கு செனட்டில் இரண்டு குரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குரல்தான் இருந்தது. சீட்டில் எந்தக் கோடு எந்தப் பக்கம் என்று நூறு பேர் கொண்ட சபை வாதாடிக்கொண்டிருந்ததே தவிர, வாக்களித்தவர்கள் அதே மாநிலத்தில் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களையே மறுபடி கேட்கலாம் என்பதை ஏற்க அதற்கு ஜூலை முடிய வேண்டியிருந்தது.

மறுதேர்தல் வேண்டும் என்று வைமன் சொல்லிவந்தார். டர்கின் முதலில் மறுத்தார், ஜூலை இறுதியில் இசைந்தார். அந்தச் சம்மதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் கட்சிக்கு அவையில் பெரும்பான்மை இருந்தது. அதை நம்பியே அவர் இன்னும் காத்திருக்கலாம். ஜூலை 30 அன்று 71க்கு 21 என்ற வாக்குகளில் அந்த இடம் காலியானதாக செனட் அறிவித்தது. இடைக்காலத்துக்கு ஓய்விலிருந்த காட்டனையே ஆளுநர் நியமித்தார்.

1975 செப்டம்பர் 16 அன்று மறுதேர்தல். வைமனுக்காக அதிபர் ஃபோர்டே நேரில் வந்து ஊர் ஊராகப் போனார். முந்தைய ஆண்டைவிட 30,000க்கும் அதிகமானவர்கள் கூடுதலாக வாக்களித்தார்கள். டர்கின் 27,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இந்த முறை எந்தச் சீட்டும் வாஷிங்டனுக்குப் போகவில்லை; இரண்டே நாளில் அவர் பதவியேற்றார்.