வேலை முடிந்த நேரத்தை எழுதி வையுங்கள்

மரக்காணத்துப் பெரியவங்களே, தம்பி தங்கைகளே,

உப்பளத்துக்குப் போறவங்க விடியறதுக்கு முன்னாடியே பாத்தியில் இறங்கிடறீங்க. வெயில் ஏறினதும் கரையேறிடறீங்க. இத்தனை வேலைக்கு இத்தனை கூலி என்ற கணக்கு உங்களுக்குத் தெளிவு.

உங்க பிள்ளைகள் பலர் இப்போது சிறுசேரி, சோழிங்கநல்லூர் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்காங்க. ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டால், "இன்னும் ஆபீஸ்லதாம்மா இருக்கேன்" என்று பதில் வருது. "அதுக்குத் தனியா காசு உண்டாப்பா?" என்று கேட்டால், "மாசச் சம்பளம்தாம்மா, ஓவர்டைம் எல்லாம் கிடையாது" என்கிறாங்க.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஐ.டி. நிறுவனங்களுக்கும் பொருந்தும். அதன்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால், 31-ஆம் பிரிவின்படி இரு மடங்கு ஊதியம் தரணும். ஒரு மணி நேர ஊதியம் 125 ரூபாய் என்றால், கூடுதல் நேரத்துக்கு 250 ரூபாய். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. எனவே நியமன ஆணையில் பதவி என்ன, வேலை என்ன என்று படித்துப் பார்க்கணும்.

மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருது. பட்டியலில் பெயர் இருந்தால்தானே அது கைக்கு வரும்? அதே மாதிரிதான் இதுவும். தம்பிகளே, தங்கைகளே, தினமும் எத்தனை மணிக்கு உள்ளே போனீங்க, எத்தனை மணிக்கு வேலை முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்க. இரவில் வேலை சொல்லி வந்த மின்னஞ்சல், வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்க.

முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலமாகக் கேளுங்க. பதில் இல்லையென்றால், நிறுவனம் இருக்கும் பகுதிக்கான தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100-லும் புகாரைப் பதிவு செய்யலாம்.

"கேட்டால் வேலை போயிடுமே?" இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. தனியாகக் கேட்கத் தயங்கினால் சேர்ந்து கேட்கலாம். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியிருக்கு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் ஊர் நம்முடையது. வேலை கொடுத்தவருக்கு நன்றி இருக்கட்டும். அதற்காக உழைத்த நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பெற்றோர்களே, இன்று ராத்திரி பிள்ளை போனில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்டதும் "நேரத்தை எழுதி வச்சியா?" என்றும் கேளுங்க.