முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து

கிறிஸ்துமஸ் நெருங்கினால் நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் முந்திரிக்கொத்து பொரிக்கிற வாசனை தெருமுனை வரை வரும். பேரைக் கேட்டு முந்திரிப்பருப்பைத் தேடாதீர்கள். அதில் முந்திரிப்பருப்பே கிடையாது! வறுத்த சிறுபயறு, தேங்காய், வெல்லப் பாகு, கொஞ்சம் ஏலக்காய். உருண்டை பிடித்து, மூன்று மூன்றாக ஒட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரிப்பார்கள். பார்க்கத் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். கொடிமுந்திரி என்றால் திராட்சைதானே?

பாகு பதம் தப்பினால் உருண்டை எண்ணெயில் பிரிந்துவிடும். பதம் பார்க்கத்தான் அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிடுவார்கள். தீபாவளிக்கு அந்த அக்கா முறுக்கு கொடுத்தனுப்பிய அதே தூக்குவாளியில், இப்போது முந்திரிக்கொத்து போகும். பாத்திரம் வெறுமனே திரும்பாது.

உங்கள் வீட்டில் அடுத்த வீட்டுப் பாத்திரம் ஏதாவது தங்கியிருக்கிறதா? இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.