கதைக்குள் ஒரு குற்றப்பத்திரிகை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கழக விடுதியில் தங்கிப் படித்து, ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்துள்ள இளைஞர் ஒருவர் சென்ற மாதம் என் வீட்டிற்கு வந்தார். "ஐயா, அமெரிக்கக் கதாசிரியர் ஒருவர் தம் நாட்டுச் சமுதாயத்தை எவ்வாறு விமர்சித்தார் என்று ஆராய விரும்புகிறேன். அதனால் நம் தெருவுக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். அவருக்கு நான் கூறிய விடையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அந்த ஆசிரியர் சார்லஸ் செஸ்நட். 1858-இல் கிளீவ்லாந்து நகரில், அடிமைகளாக இல்லாத கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர். வட கரோலினாவில் வளர்ந்தவர். 1880-இல், கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரானார். என் தொழிலைச் செய்தவர் என்பதால் அவரிடம் எனக்குத் தனி அன்பு உண்டு. பின்னர்க் கிளீவ்லாந்து சென்று, சுருக்கெழுத்துப் பணி செய்துகொண்டே சட்டம் பயின்று, 1887-இல் வழக்கறிஞர் தேர்வில் தேறினார். தோற்றத்தில் அவர் வெள்ளையரைப் போலவே இருந்தார். இனத்தை மறைத்து வாழ்ந்திருக்கலாம், மறைக்கவில்லை.

1899-இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதி 'தி கான்ஜர் உமன்'. மேலோட்டமாகப் படித்தால் மந்திர தந்திரக் கதைகள். முன்பு அடிமையாக இருந்த ஜூலியஸ் என்னும் முதியவர், வடக்கிலிருந்து நிலம் வாங்க வந்த வெள்ளைத் தம்பதிக்கு அவற்றைச் சொல்கிறார். ஒரு கதையில் சாண்டி என்னும் அடிமையை, நன்கு உழைப்பவன் என்பதால், எசமானின் பிள்ளைகள் மாற்றி மாற்றி இரவல் கேட்கிறார்கள். அவன் வெளியே சென்றிருந்த வேளையில் எசமான் அவன் மனைவியை வியாபாரியிடம் மாற்றிக்கொள்கிறான்; ஆறுதலாக அவனுக்கு ஒரு டாலர் கொடுக்கிறான். மந்திரம் அறிந்த இரண்டாம் மனைவி டெனி, கணவனை எவரும் அழைத்துச் செல்லாதபடி மரமாக மாற்றி வைக்கிறாள். அவளையே வேற்றூருக்கு அனுப்பிவிட்டு, எசமான் அந்த மரத்தை வெட்டிப் பலகையாக அறுத்துவிடுகிறான்.

கதை கேட்ட கணவர் இதைக் கட்டுக்கதை என்று எண்ணுகிறார். அவர் மனைவியோ உள்ளே இருக்கும் துயரத்தைக் கண்டுகொள்கிறார். ஒரே கதைக்கு இருவகைச் செவிகள்! ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடம் இதுவே. கதையைச் சொல்பவர் யார்? யாரிடம் சொல்கிறார்? வெளிப்படையாகச் சொன்னால் அவருக்கு என்ன நேரும்? இம்மூன்று வினாக்களையும் கேட்டால், சிரிப்புக் கதை குற்றப்பத்திரிகையாகிவிடும்.

வெளிப்படையாகச் சொன்னதன் விளைவையும் செஸ்நட் கண்டார். 1898 நவம்பரில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில், ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கறுப்பின மக்களைக் கொன்று, அவர்களுடைய செய்தித்தாள் அலுவலகத்தை எரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சியைக் கவிழ்த்தனர். அதை அடிப்படையாகக் கொண்டு 1901-இல் அவர் நாவல் எழுதினார். அது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 1905-க்குப் பிறகு, அவர் மறைந்த 1932 வரை, அவருடைய புதிய நாவல் எதுவும் அச்சேறவில்லை.

அவர் வெள்ளையரை மட்டும் விமர்சிக்கவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். 'தி வைஃப் ஆஃப் ஹிஸ் யூத்' என்ற கதையில், கல்வியும் வெளிர்நிறமும் உடைய கறுப்பினத்தார் சிலர் சங்கம் வைத்துக்கொண்டு, கருமை மிகுந்த தம் மக்களை விலக்கி வாழ்கிறார்கள். அவர்களின் தலைவர் ரைடர். வெளிர்நிறப் பெண்ணொருத்தியை மணக்க எண்ணியிருந்த நாளில், இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணவனைத் தேடியலையும் ஏழை மூதாட்டி ஒருத்தி அவர் வாயிலில் வந்து நிற்கிறாள். அந்தக் கணவன் அவர்தாம். அவர் விற்கப்படாமல் தப்பியோட முன்னெச்சரிக்கை தந்தவள் அவளே. அடிமைத் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை, மறுத்துவிடலாம். ஆயினும் விருந்தினர் அனைவர் முன்னிலையிலும் அவளை அழைத்து வந்து, இவளே என் மனைவி என்று அறிமுகம் செய்கிறார்.

இதைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நகரத்தில் நான் குடியிருந்த வாடகை வீட்டிற்கு உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் வந்தனர். ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் அடுக்களையில் இருந்தார். கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர். நான் அவரை வெளியே அழைக்கவில்லை. காப்பியைக் கதவருகே வைத்துவிட்டு அவரும் உள்ளே போய்விட்டார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. இன்று கேட்பதற்கு அவரும் இல்லை.

நம் தெருவுக்கு என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இதுவே என் விடை. 1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் ஐக்கிய நாடுகள் மன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். கடல் கடந்த துன்பத்திலும் நமக்குப் பாடம் உண்டென அவர் அறிந்திருந்தார்.

ஆகவே, தம்பி, ஆராய்ச்சியைத் தொடங்குங்கள். பட்டம் பெறும் நாளில் உங்கள் தாயாரை முன்வரிசையில் அமர வையுங்கள்.