கோல் காவலனும் நம் பிள்ளைதான்

(பரிசளிப்பு விழாவில் ஹாக்கிக் குழுப் பொறுப்பாசிரியை ஆற்றிய உரை)

 

ஹாக்கிக் குழுவைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். கோல் போட்டவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் கிண்ணம் கிடைக்கும். நான் பேச வந்தது கோலுக்கு முன்னால் நிற்கும் பிள்ளையைப் பற்றி. அதிலும், அவனுக்கு நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி.

நம்முடையது சின்னத் தோட்டப் பள்ளி. புறப்பாடப் பொறுப்புகளைப் பிரித்தபோது ஹாக்கி என் தலையில் விழுந்தது. மட்டையைச் சரியாகப் பிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. யாரைக் கோலில் நிறுத்துவது? நம் வழக்கம்தான் தெரியுமே, ஓட முடியாதவனைப் பிடித்து நிறுத்துவது! கொஞ்சம் பூசினாற்போல் இருந்த ஓர் ஐந்தாம் ஆண்டுப் பையனுக்குக் காலில் பேட் கட்டி, தலைக்கவசம் மாட்டி நிறுத்தினேன். நெஞ்சுக் கவசம் நம்மிடம் இல்லை.

பத்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். நான் விசில் ஊதுவேன். ஒருவன் பின் ஒருவனாக அடிப்பார்கள். முதல் பந்தைத் தடுக்க விழுந்தவன் எழுவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஹாக்கிப் பந்து டென்னிஸ் பந்து இல்லை. 156 முதல் 163 கிராம் எடை, கல் மாதிரிக் கெட்டி. பின்னால் லாலான் புல்லுக்குள் போன பந்தைத் தேடிக் கொண்டுவருவதும் அவன் வேலைதான். மற்றவர்களுக்கு அது கோல் அடிக்கும் பயிற்சி. அவனுக்கு அது என்ன பயிற்சி? அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் வயிற்று வலி என்றான். நான்காவது வாரம் வரவே இல்லை. அவன் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "டீச்சர், எம்பிள்ளைக்குத் தோளு, நெஞ்செல்லாம் கன்னிப்போயிருக்கு. அங்க வெளையாடுறானா, அடி வாங்குறானா?"

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் வீட்டுக்கே போய்ப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்று சொன்னான்: "நான் எந்திரிச்ச பெறகு அடிக்கச் சொல்லுங்க டீச்சர்."

அதன் பிறகு, இடைநிலைப்பள்ளியில் ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். "முதல் பதினஞ்சு நிமிஷம் கீப்பருக்குக் குடுங்க, அப்புறம் மத்தவங்களுக்கு" என்றார். அவரிடம் கற்றதுதான் இப்போது நம் திடலில் நடக்கிறது. முதலில் நான் கையால் பந்தை உருட்டிவிடுவேன், அவன் காலால் தடுத்து ஓரமாகத் தள்ளுவான். நடுவில் தள்ளினால் எதிராளியின் மட்டைக்கே போய்விடும் அல்லவா? உடம்பு சூடான பிறகுதான் தூரத்திலிருந்து அடிகள் வரும். அவன் எழுந்து நின்று கையைத் தூக்கும் வரை எவனும் அடிக்கக் கூடாது. உயரே அடிக்கும் பயிற்சியை நெஞ்சுக் கவசம் வரும் வரை நிறுத்தி வைத்தேன். வெளியே போன பந்தை அடித்தவனே எடுத்துவர வேண்டும். இந்தக் கடைசி விதி வந்த அன்றே பாதிப் பேர் குறி பார்த்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்!

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது கயிற்றுப் பாடம். கோலின் அகலம் 3.66 மீட்டர். கோட்டின்மேல் நின்றால் ஒரு சிறுவனால் எத்தனை இடத்தை மறைக்க முடியும்? துணி காயப்போடும் கயிறு இரண்டை ஆளுக்கொரு கம்பத்தில் கட்டி, மறுமுனைகளைப் பந்து இருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். கயிறுகளுக்கு நடுவே பையன் ஓரடி முன்னால் வந்தான். இன்னோரடி வந்தான். இரண்டு பக்கமும் கயிறு அவனை நெருங்கி வந்தது. "டீச்சர், கோலு சின்னதாயிருச்சு!" என்று கத்தினான். ரொம்பவும் வெளியே வந்தால் எதிராளி சுற்றிக்கொண்டு போய்விடுவான் என்பதையும் அவனே கண்டுபிடித்தான். ஓடத் தெரியாதவன் என்று நான் ஒதுக்கிய பிள்ளை அவன்.

2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாடு ஹாக்கியில் வெள்ளிப் பதக்கம் வென்றபோது கோலைக் காத்தவர் எஸ். குமார். அந்தப் படத்தை வெட்டி விளையாட்டு அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

மாவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே 2–0 என்று தோற்றோம். மறைப்பதற்கில்லை. இரண்டாவது கோல் விழுந்தபோது திடல் ஓரத்திலிருந்து ஓர் அப்பா, "டேய், தூங்குறியா?" என்று கத்தினார். ஐயா, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பந்து அவனிடம் வருமுன் நம் பிள்ளைகள் பத்துப் பேரைத் தாண்டித்தான் வந்தது. அன்று அவன் தடுத்த பந்துகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினொன்று.

அந்தப் பையன் இப்போது படிவம் ஒன்றில் படிக்கிறான். சனிக்கிழமைகளில் மிதிவண்டியில் வந்து, புதிதாகக் கோலில் நிற்கும் நான்காம் ஆண்டுப் பெண்ணுக்குப் பந்து உருட்டிவிடுகிறான். நெஞ்சுக் கவசம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்துவிட்டது. சங்கத்தாருக்கு என் மனமார்ந்த நன்றி. ஆனால் பேட்டின் வார் இரண்டு அறுந்துவிட்டது. யாராவது தைத்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. பெற்றோர்கள் வந்து பாருங்கள். கோலுக்குப் பின்னால் மட்டும் நிற்க வேண்டாம், பந்து வரும். வணக்கம்.