வளவும் வாரிசும்

வீடு என்றால் சுவரும் கூரையும் என்று நகரத்தார் கருதுவர். மதவாச்சியிலிருந்து மன்னார் செல்லும் பாதையிலுள்ள செட்டிகுளத்திலோ வளவு முழுவதுமே வீடாகும். வேலியும் கிணறும், மாவும் முருங்கையும், மாட்டுப்பட்டியும் அதில் அடங்கும். போர்க்காலத்தில் வன்னியின் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன, கூரைகள் வீழ்ந்தன, வளவுகளைப் பற்றை மூடிற்று. மீண்டு வந்தோர்க்குக் கிணறும் பழைய மரங்களுமே எல்லை காட்டின.

ஆயினும் மரம் சாட்சி கூறலாம், உரிமை தராது. வன்னியின் வளவுகள் பல, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற அரச காணிகளாகும். அவற்றை விரும்பியவாறு விற்கவோ பங்கிடவோ இயலாது. காணிக்குரியவர் பின்னுரித்தாளரை நியமியாது இறப்பின், சட்டமே வாரிசைக் குறிக்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை அவ்வரிசையில் மகளுக்கு முன் மகனே நின்றான். பெற்றோரைப் பேணி, வேலியடைத்து, நீரிறைத்து அவ்வளவிலேயே வாழ்ந்த மகளும் பின்னிற்க நேர்ந்தது.

இன்று ஆண், பெண் என்னும் அவ்வேறுபாடு நீங்கிவிட்டது. எனினும் பெற்றோரின் மனவிருப்பம் யாதெனச் சட்டம் தானாக அறியாது. பதிவு செய்தாலன்றி அது செல்லாது. ஆகவே, வேலி திருத்த ஆண்டுதோறும் நாள் ஒதுக்குவோர், பிரதேச செயலகம் சென்று பின்னுரித்தாளரைப் பதியவும் ஒரு நாள் ஒதுக்குதல் நன்று. வேலி அயலாரின் மாட்டைத் தடுக்கும். பதிவோ உடன்பிறந்தாரின் பகையைத் தடுக்கும்.